யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள்

செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் இடையில், மல்லாட்டைக் கொல்லைகளும் நெல் வயல்களும் சூழ்ந்த சிற்றூர் மேல்சித்தாமூர். தமிழ்ச் சமணர்களின் தலைமைப் பீடமான ஜினகாஞ்சி மடம் இந்த ஊரில்தான் இருக்கிறது. ஏழு நிலைக் கோபுரம் கொண்ட பார்சுவநாதர் கோயில் தூரத்திலிருந்தே கண்ணில் படும். அதைவிடப் பழமையானது மல்லிநாதர் கோயில். அங்கே ஒரே பாறையில் தீர்த்தங்கரர்களும் பாகுபலியும் தர்மதேவியும் புடைப்புச் சிற்பங்களாக நிற்கிறார்கள். வேலைக்காகவும் படிப்புக்காகவும் சென்னைக்கும் புதுச்சேரிக்கும் பெங்களூருக்கும் அதற்கு அப்பாலும் போய்விட்ட நயினார் (தமிழ்ச் சமணர்) குடும்பங்கள் கோடைப் பெருவிழாவுக்கும் தேருக்கும் இந்த ஊரை நோக்கித் திரும்புகின்றன. பிள்ளைகள் மடத்தில் உபதேசம் பெறுவதும் இந்த ஊரோடு சேர்ந்த வழக்கம்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் இருந்த சமணர்கள் 89,265 பேர். வடக்கிலிருந்து வந்து குடியேறியவர்களையும் சேர்த்த எண்ணிக்கை இது. தமிழையே தாய்மொழியாகக் கொண்ட நயினார்கள் அதில் ஒரு பகுதிதான். இப்படிச் சிறிய சமூகத்தில் யாரைத் தொட்டாலும் ஏதோ ஒரு வழியில் உறவு வந்துவிடும். ஆகவே மேல்சித்தாமூரில் நடக்கும் எந்த விழாவும் பாதி கோயில் காரியம், பாதி குடும்பக் காரியம். முதலில் யார் வீட்டில் யாருக்குக் கல்யாணம், யார் தவறிப்போனார் என்று பேச்சு போகும். சாப்பாட்டுக்குப் பிறகு, பாய் விரித்து உட்கார்ந்த நேரத்தில், அது தானாகவே முப்பது நாற்பது ஆண்டுகள் பின்னால் போய்விடும். அங்கே கிணறு வரும், பள்ளிக்கூடம் வரும். நாற்பதைத் தாண்டியவர்களாக இருந்தால் கட்டாயம் ஒரு டிவிப் பெட்டியும் வரும்.

குடும்ப விசேஷத்துக்கும் பழைய தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கும் பிள்ளைப் பருவ ஏக்கத்துக்கும் உள்ள தொடர்பைத்தான் இந்தக் கட்டுரை ஆராய்கிறது. நிகழ்ச்சி ஒரு சாக்குதான். அந்தப் பெட்டியின் முன்னால் யார் யார், எந்த வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள் என்பதே நினைவின் உயிர் என்பது இதன் வாதம்.

இந்த ஏக்கத்தை மருத்துவர்கள் முதலில் நோயாகத்தான் பார்த்தார்கள். 1688இல் ஸ்விட்சர்லாந்தின் பாசல் பல்கலைக்கழகத்தில் யோஹானஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர் தம் ஆய்வேட்டில், சொந்த ஊரை விட்டு வெகுதூரம் போனவர்களுக்கு வரும் வாட்டத்தை ஒரு தனி நோயாக விவரித்தார். ஊர் திரும்புவதே அதற்கு மருந்து என்றார். மூன்று நூற்றாண்டுக்குப் பிறகு அந்தக் கருத்து தலைகீழானது. இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் டிம் வைல்ட்ஷட், கான்ஸ்டன்டைன் செடிகைடிஸ் குழுவினர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், பழைய நினைவுகளை எழுதுவதற்கென்றே நடந்த ஓர் அமெரிக்க இதழில் வாசகர்கள் எழுதியவற்றை எடுத்து அலசினார்கள். அந்தக் கட்டுரைகளில் அதிகம் தென்பட்டவை மூன்று: நெருங்கிய மனிதர்கள், வாழ்வின் முக்கியமான நாட்கள், அவை நடந்த இடங்கள். எழுதியவரே பெரும்பாலும் கதையின் நடுவில் இருந்தார். ஆனால் தனியாக இல்லை, சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். துயரத்தில் தொடங்கிய நினைவுகள் பெரும்பாலும் நிறைவில் போய் முடிந்தன. இந்த ஏக்கத்தை எது கிளப்பிவிடுகிறது என்றும் அவர்கள் தேடினார்கள். மனச்சோர்வும், குறிப்பாகத் தனிமை உணர்வும் முன்னால் வந்து நின்றன. ஏங்கிய பிறகு மனம் உறவுகளோடு கூடுதலாக ஒட்டிக்கொண்டது.

நம் ஊர் வழக்கத்தில் வைத்து இதைப் பார்த்தால் எல்லாம் எளிதில் விளங்கும். காது குத்தும்போது குழந்தை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். கல்யாணத்தில் மாமனுக்கு மாலை, அத்தைக்கு உரிமை, மூத்தவருக்கு முதல் தாம்பூலம். அறுபதாம் கல்யாணத்தில் பிள்ளைகளே பெற்றோருக்குக் கல்யாணம் செய்து வைக்கிறார்கள். ஒவ்வொரு விசேஷமும் யார் எங்கே உட்கார வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்று வகுத்து வைத்திருக்கிறது. அந்த இடத்தில் இருக்க வேண்டியவர் இல்லையென்றால் அது உடனே தெரிந்துவிடும். தன் குழந்தையை மடியில் வைத்துக் காது குத்தும் அண்ணனைப் பார்க்கும் பெண்ணுக்கு, தனக்குக் காது குத்தியபோது மடி கொடுத்த மாமன் நினைவுக்கு வராமல் இருக்க முடியாது. சடங்கு அதே சடங்கு, ஆட்கள் ஒரு படி நகர்ந்துவிட்டார்கள். குடும்ப விசேஷங்கள் பிள்ளைப் பருவத்தைக் கிளறுவது இந்த நகர்வினால்தான்.

தொலைக்காட்சி இதற்குள் எப்படி வந்தது?

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. கறுப்பு வெள்ளைப் படம், மாலையில் சில மணி நேர ஒளிபரப்பு. 1982இல் டில்லி ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி வண்ணம் வந்தது. 1984இல் நாடெங்கும் சிறு ஒளிபரப்பிகளை வேக வேகமாக நிறுவினார்கள். அதுவரை சென்னையிலிருந்து நூற்றைம்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் செஞ்சிப் பக்கத்து ஊர்களில் படம் தெரிவது பெரும்பாடு. உயரமான இரும்புக் குழாய், அதன் உச்சியில் அலுமினிய ஆன்டெனா, நடுவில் ஒரு பூஸ்டர். காற்றடித்தாலோ காக்கை உட்கார்ந்தாலோ ஆன்டெனா திரும்பிவிடும். ஒருவர் மாடியில் நின்று குழாயைத் திருகுவார், கூடத்தில் ஒருவர் திரையைப் பார்ப்பார், இருவருக்கும் நடுவே வாசலில் ஒரு பையன் நின்று, "தெரியுதா?", "இல்ல", "இப்ப?", "தெரியுது... போச்சு" என்று செய்தியைக் கொண்டு சேர்ப்பான். திரையில் புள்ளிகள் மெல்ல விலகி ஒரு முகம் தெளியும் அந்த நொடியில் மொத்தக் கூடமும் சத்தம் போடும். நிகழ்ச்சி தொடங்குவதற்கு முன்பே அங்கே ஒரு கூட்டு முயற்சி நடந்து முடிந்திருக்கும்.

பெட்டிகளும் நம் பக்கத்துப் பெட்டிகள்தான். சாலிடேர், டயனோரா இரண்டும் சென்னையில் தயாரானவை. சில வீடுகளில் பெட்டிக்கு மரத்தால் இழுப்புக் கதவு போட்டுப் பூட்டும் போட்டிருப்பார்கள். வெள்ளிக்கிழமை இரவு 'ஒளியும் ஒலியும்', ஞாயிறு மாலை தமிழ்த் திரைப்படம், விவசாயிகளுக்கு 'வயலும் வாழ்வும்', நேயர் கடிதங்களுக்கு 'எதிரொலி'. படம் அறுந்தால் வரும் 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' பலகையைக்கூட இன்று ஆசையாக நினைத்துக்கொள்கிறார்கள். இருந்தது ஒரே அலைவரிசை. அதனால் தெருவுக்கே ஒரே நேரம், ஒரே பாட்டு, மறுநாள் பள்ளியில் ஒரே பேச்சு.

சமண வீடுகளில் பொழுது சாய்வதற்குள் இரவு உணவை முடித்துவிடுவது வழிவழி வந்த நோன்பு. விளக்கு வைத்த பிறகு அடுப்படியில் வேலை இல்லை. ஊரில் மற்ற வீடுகளில் அந்த நேரத்தில்தான் உலை கொதிக்கும். ஒளியும் ஒலியும் பார்க்க வேண்டுமென்றால் அம்மா அடுப்பை விட்டு எழுந்து வர வேண்டும். நோன்பைக் கடைப்பிடித்த வீட்டில் பெண்களுக்கு அந்த அரைமணி நேரம் முழுசாகக் கையில் கிடைத்திருக்கும். ஒரே நிகழ்ச்சி இரண்டு வீடுகளில் இரண்டு விதமாக நினைவில் தங்குவதற்கு இப்படிச் சின்னக் காரணங்களே போதும்.

1987 ஜனவரியில் ராமானந்த் சாகரின் 'ராமாயணம்' தொடங்கியது. ஞாயிறு காலை ஒன்பதரை மணி, 78 பகுதிகள், 1988 ஜூலை வரை. பேச்சு முழுக்க இந்தி. ஆனாலும் கதை தெரிந்த சனங்களுக்கு மொழி தடையாக இருக்கவில்லை. பெட்டிக்கு மாலை போட்டுக் கற்பூரம் காட்டியதாக நாடெங்கும் பேசப்பட்டது. மேல்சித்தாமூர் போன்ற ஓர் ஊரில் இந்த ராமாயணத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. சமண மரபில் ராமன் கதை வேறு. அறுபத்து மூன்று பெரியோர் வரலாற்றைச் சொல்லும் 'ஸ்ரீபுராணம்' தமிழ்ச் சமணர்களின் மணிப்பிரவாள உரைநடை நூல். அதில் ராமனும் லட்சுமணனும் அந்தப் பெரியோர் வரிசையில் வருகிறார்கள். ராவணனை வீழ்த்துவது லட்சுமணன். அகிம்சை வழி நிற்கும் ராமன் கையில் ரத்தக் கறை படுவதில்லை. பாட்டியிடம் அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த ஒரு பிள்ளைக்கு, திரையில் ராமன் அம்பு எய்து ராவணனைச் சாய்த்தது ஒரு கேள்வியாகவே இருந்திருக்கும். தெருவில் ஒரு ராமன், வீட்டில் ஒரு ராமன். இரண்டு கதைகளோடும் வளர்ந்தது அந்தத் தலைமுறைக்குக் கிடைத்த கொடை.

செஞ்சிப் பகுதியின் உண்மையான வளம் இதற்கு அடுத்து வந்த தொடரில் தெரிகிறது. பி.ஆர். சோப்ராவின் 'மகாபாரதம்' 1988 அக்டோபரில் தொடங்கி 1990 நடுப்பகுதி வரை 94 பகுதிகள் ஓடியது. அதே 1988இல்தான் அமெரிக்க ஆய்வாளர் ஆல்ஃப் ஹில்டபெய்டல் திரௌபதி வழிபாடு பற்றிய தம் பெருநூலின் முதல் தொகுதியை வெளியிட்டார். செஞ்சியிலிருந்து குருட்சேத்திரம் வரை என்பதே அதன் துணைத்தலைப்பு. செஞ்சிக்கு அருகிலுள்ள மேலச்சேரியைத் திரௌபதி அம்மன் வழிபாட்டின் மூலத் தலமாக அது ஆராய்கிறது. டில்லியிலிருந்து ஒரு பாரதம் ஒளிபரப்பாகிக்கொண்டிருந்தபோது, இந்த வட்டாரத்தில் பகலில் வில்லிபாரதப் பிரசங்கமும் இரவில் விடிய விடியக் கூத்துமாக இன்னொரு பாரதம் நடந்துகொண்டிருந்தது. கூத்தில் துரியோதனன் மண்ணால் ஆன பேருருவாகப் படுகளத்தில் கிடப்பான். திரௌபதி அவன் தொடையில் மிதித்துக் கூந்தல் முடிப்பாள். அவள் காவலுக்குப் போத்துராஜா இருப்பார், முத்தால ராவுத்தர் இருப்பார். தொலைக்காட்சிப் பாரதத்தில் இந்தக் காவலர்கள் இருவரும் கிடையாது. இங்கே வளர்ந்தவர்கள் திரையைப் பார்த்தபடியே எதை விட்டுவிட்டார்கள் என்று சொல்லக்கூடியவர்கள். சாக்கு விரித்து, போர்வை போர்த்தி, நடு ராத்திரியில் தூங்கிப்போய்க் கட்டியக்காரன் பேச்சுக்கு விழித்துச் சிரித்த பிள்ளைகள், ஞாயிறு காலையில் அதே ஆட்களோடு டிவி முன்னால் உட்கார்ந்தார்கள். கூட்டமாக உட்கார்ந்து கதை பார்க்கும் பழக்கத்தைத் தொலைக்காட்சி கொண்டுவரவில்லை. கூத்துக் களத்தில் இருந்ததை அது கூடத்துக்குள் வாங்கிக்கொண்டது.

விசேஷமும் தொலைக்காட்சியும் நேருக்கு நேர் சந்தித்துக்கொண்ட இடம் ஒன்று உண்டு. அதற்கு 'டெக் எடுப்பது' என்று பெயர். எண்பதுகளிலும் தொண்ணூறுகளின் தொடக்கத்திலும் காது குத்து, மஞ்சள் நீராட்டு, கல்யாணம் என்று எது நடந்தாலும் டவுனிலிருந்து வாடகைக்கு ஒரு வண்ண டிவியும் வீடியோ டெக்கும் வரும். தெருவில் பெஞ்சு மேல் பெட்டியை வைத்து இரவு முழுக்க மூன்று படம் போடுவார்கள். ஒரு சாமி படம், ஒரு எம்.ஜி.ஆர். அல்லது சிவாஜி படம், ஒரு புதுப்படம் என்று வயது பார்த்து வரிசை வைப்பதும் உண்டு. கேசட் சிக்கிக்கொண்டால் டெக் கொண்டுவந்தவர் மூடியைத் திறந்து, பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு, ஹெட்டைத் துடைப்பார். அதைச் சுற்றிப் பத்துப் பிள்ளைகள் மூச்சுவிடாமல் நிற்பார்கள். விடிந்தால் முகூர்த்தம். அந்த இரவைப் பார்த்தவர்களுக்கு அத்தை கல்யாணமும் அன்று பார்த்த படமும் பிரிக்க முடியாமல் ஒன்றாகக் கிடக்கின்றன.

இனி இந்த நினைவின் கசப்பான பகுதி. எல்லோரும் ஒரே இடத்தில் உட்கார்ந்து டிவி பார்க்கவில்லை. வீட்டுக்காரர் நாற்காலியில், உறவுப் பிள்ளைகள் முன் தரையில், அண்டை வீட்டார் வாசற்படியில், வயலில் வேலை செய்பவர்களின் பிள்ளைகள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே. சில ஊர்களில் நாலணா வாங்கிக்கொண்டு உள்ளே விட்டார்கள். சில வீடுகளில் காசு கொடுத்தாலும் விடவில்லை. பஞ்சாயத்து டிவிகூட ஊர்ப்பக்கம் இருந்ததா, காலனிப்பக்கம் இருந்ததா என்பதைப் பொறுத்தே யாருக்கு உரியது என்பது முடிவானது. ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்தவருக்கும் 'ஒளியும் ஒலியும்' இனிக்கிறது; கூடவே, நல்ல பாட்டு நடுவில் ஜன்னல் கதவைச் சாத்தியதும் நினைவிருக்கிறது. 'அந்தக் காலத்தில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து பார்த்தோம்' என்று சொல்பவர், தாம் எங்கே உட்கார்ந்திருந்தார் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அது உண்மையான நினைவாகும்.

ஆய்வாளர் ஸ்வெட்லானா பாய்ம் 2001இல் எழுதிய நூலில் ஏக்கத்தை இரண்டாகப் பிரித்தார். போனதை அப்படியே மீண்டும் எழுப்பப் பார்ப்பது ஒன்று. போனதைப் போனதாகவே வைத்து அசைபோடுவது மற்றொன்று. நம் கிராமத்து டிவி நினைவுக்கு இரண்டாவதுதான் பொருந்தும். அந்தக் கூடத்தை அப்படியே மீட்டெடுக்க வேண்டுமென்றால் அந்த ஜன்னலையும் மீட்டெடுக்க வேண்டிவரும்.

அந்த ஜன்னலை இல்லாமல் ஆக்கியதில் அரசுத் திட்டம் ஒன்றுக்குப் பெரிய பங்கு உண்டு. 2006 தேர்தல் வாக்குறுதியை ஒட்டி அந்த ஆண்டு செப்டம்பரில் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில், 2011 வரை ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு 14 அங்குலப் பெட்டிகள் போய்ச் சேர்ந்தன. வீண் செலவு என்று அன்று பலர் எழுதினார்கள். ஜன்னலில் நின்று பார்த்துப் பழகிய ஒரு தாய், தன் பிள்ளையைத் தன் வீட்டுத் தரையில் உட்காரவைத்து டிவி பார்க்கச் சொன்ன நாளை அந்தக் கணக்கில் யாரும் சேர்த்ததாகத் தெரியவில்லை. கூட்டமாகப் பார்ப்பது அதோடு குறைந்தது உண்மைதான். மானத்தோடு பார்ப்பது கூடியது.

அதற்கு முன்பே பார்க்கும் முறை மாறத் தொடங்கிவிட்டது. 1993 ஏப்ரலில் சன் டிவி வந்தது. கேபிள் வழியாகத் தமிழ்த் தொடர்கள் அன்றாட நேரத்தைப் பிடித்துக்கொண்டன. 'சித்தி'யும் 'மர்மதேச'மும் அந்தந்த வயதுக்காரர்களின் மாலையை நிரப்பின. இவற்றில் திருமுருகன் இயக்கிய 'மெட்டி ஒலி' நம் பேச்சுக்கு மிக நெருக்கமானது. 2002 முதல் 2005 வரை ஓடிய அந்தத் தொடர், தாயில்லாத ஐந்து பெண்களைக் கரையேற்றப் பாடுபடும் ஒரு தகப்பனின் கதை. பெண் பார்ப்பது, சீர், தலைப் பிரசவம், சம்பந்திச் சண்டை என்று குடும்ப விசேஷங்களே அதன் எலும்பும் சதையும். அன்று அதைப் பாட்டியோடு உட்கார்ந்து பார்த்த சிறுமிக்கு இன்று கல்யாணமாகியிருக்கும். அவள் தன் மாமியார் வீட்டைப் பற்றிப் பேசும்போது அந்தத் தொடரின் பெண்களை உதாரணம் சொல்கிறாள் என்றால் வியப்பில்லை.

2020 மார்ச் இறுதியில் ஊரடங்கு வந்தபோது, விசேஷங்களும் பழைய நிகழ்ச்சிகளும் ஒன்றுக்கொன்று என்ன உறவு என்பதை நாடே ஒரு சோதனைபோல் செய்து பார்த்தது. கோயில்கள் மூடின. பங்குனி, சித்திரைத் தேர்கள் நிலையிலேயே நின்றன. பத்திரிகை அடித்து வைத்த கல்யாணங்கள் தள்ளிப்போயின. நடந்தவை விரல்விட்டு எண்ணும் ஆட்களோடு நடந்தன. மார்ச் 28 அன்று தூர்தர்ஷன் 'ராமாயண'த்தை மறுபடி ஒளிபரப்பத் தொடங்கியது. ஏப்ரல் 16ஆம் தேதி ஒளிபரப்பை மட்டும் 7.7 கோடிப் பேர் பார்த்ததாக அது அறிவித்தது. சன் டிவியில் 'மெட்டி ஒலி' திரும்பி வந்தது. பொழுது போகாமல் பார்த்தார்கள் என்று சொல்லிவிடலாம். ஆனால் கைபேசியில் உலகத்துப் படங்களெல்லாம் கிடைத்த காலத்தில் ஏன் இந்தப் பழைய நிகழ்ச்சிகளைத் தேடிப்போனார்கள்? தனிமை ஏக்கத்தைக் கிளப்பும், ஏக்கம் உறவை நினைவூட்டி மனதைத் தாங்கும் என்ற சவுத்தாம்ப்டன் ஆய்வு இங்கே பொருந்திவருகிறது. உறவினர் கூட வழியில்லாத அந்த நாட்களில், முன்பு அவர்களோடு உட்கார்ந்து பார்த்த ஒன்றைப் பார்ப்பது அவர்களைப் பார்ப்பதற்கு அடுத்த படியாக இருந்தது. ஒரே தொடரை வெவ்வேறு ஊரில் பார்த்துக்கொண்டே அக்காவும் தம்பியும் கைபேசியில் பேசிக்கொண்டார்கள்.

இந்த ஏக்கம் அவரவர் பார்த்ததோடு நின்றுவிடுவதும் இல்லை. கார்னெல் பல்கலைக்கழகத்தின் கேரல் க்ரம்ஹான்ஸல் 2013இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், இருபது வயதுப் பிள்ளைகளுக்குத் தங்கள் காலத்துப் பாட்டுகளைப் போலவே, பெற்றோர் இளைஞராக இருந்த காலத்துப் பாட்டுகளோடும் தனி ஒட்டுதல் இருப்பது தெரிந்தது. தாத்தா பாட்டி காலத்துப் பாட்டுகளிலும் ஒரு சிறு மேடு தென்பட்டது. வீட்டில் ஓயாமல் ஒலித்தவை பிள்ளைகளுக்கும் சொந்தமாகிவிடுகின்றன. எண்பதுகளின் இளையராஜா பாட்டுக்கு 2000க்குப் பின் பிறந்தவர்கள் கல்யாண வீட்டில் ஆடுவது இதனால்தான். அதற்கு முந்திய தலைமுறைக்கு இலங்கை வானொலி இப்படி இருந்தது. அதன் அறிவிப்பாளர் பி.எச். அப்துல் ஹமீதின் குரலை நேரில் கேட்டே இராத பிள்ளைகளும் அப்பா சொல்லி அந்தக் குரலை அறிவார்கள்.

2007இல் சுட்டி டிவி வந்தபோது ஐந்து வயதாக இருந்தவர்கள் இப்போது இருபதுகளின் நடுவில் இருக்கிறார்கள். கல்யாணப் பேச்சு தொடங்கும் வயது. தமிழ் பேசிய டோராவும் ஜாக்கி சானும் இவர்களின் 'ஒளியும் ஒலியும்'. பள்ளிவிட்டு வந்து பையை எறிந்துவிட்டு ரிமோட்டுக்காகத் தங்கையோடு சண்டை போட்டதைத்தான் இவர்கள் முதலில் சொல்கிறார்கள். டோரா எங்கே போனாள் என்பது பிறகுதான். கூடம் சுருங்கி இரண்டு பேர் உட்காரும் இடமாகிவிட்டது. அந்த இரண்டு பேர் இல்லாமல் நினைவு இல்லை என்பது மட்டும் மாறவில்லை.

தமிழ் சினிமா இதை நன்றாகவே புரிந்துவைத்திருக்கிறது. சி. பிரேம்குமார் '96' (2018) படத்தில் பள்ளித் தோழர்களை ஒன்றுகூட வைத்தார். 'மெய்யழகன்' (2024) படத்தில் ஒரு குடும்பக் கல்யாணத்தைப் பிடித்துக்கொண்டார். இருபது ஆண்டுகளுக்கு மேல் சொந்த ஊர்ப் பக்கம் தலைவைக்காத ஒருவர், தங்கை முறையான பெண்ணின் கல்யாணத்துக்காகத் தஞ்சாவூர்ப் பக்கம் வருகிறார். தம்மை உரிமையோடு அத்தான் என்று கூப்பிடும் இளைஞன் யாரென்றே அவருக்கு நினைவில்லை. அவனுக்கோ அவரைப் பற்றிய எல்லாம் நினைவிருக்கிறது. நம் பிள்ளைப் பருவத்தின் ஒரு பகுதி நம்மிடம் இல்லை, நம்மோடு இருந்தவர்களிடம் இருக்கிறது என்பதை இவ்வளவு தெளிவாகச் சொன்ன படம் குறைவு.

அப்படியானால் எதைக் காப்பாற்ற வேண்டும்? நிகழ்ச்சிகளில் ஒரு பங்கு எப்படியோ பிழைத்துவிட்டது. தூர்தர்ஷன் காப்பகத்திலிருந்தும் தனியார் சேமிப்பிலிருந்தும் பழையவை யூடியூபுக்கு வந்துகொண்டிருக்கின்றன. நாடாவின் விலையை எண்ணிப் பழையதை அழித்துப் புதியதைப் பதிந்தது உலகெங்கும் நடந்ததுதான். பிபிசியே 'டாக்டர் ஹூ' தொடரின் அறுபதுகளில் வந்த பகுதிகள் பலவற்றை அப்படி இழந்தது.

வீட்டுக் கேசட்டுகளின் நிலைமைதான் அவசரமானது. 1980களின் நடுவிலிருந்து ஏறத்தாழ 2000 வரை எடுத்த கல்யாண வீடியோக்கள் இன்னும் டிரங்குப் பெட்டிகளிலும் பரண்களிலும் கிடக்கின்றன. காந்த நாடா இருபது முப்பது ஆண்டுகளில் நலிந்துபோகும். கடலோர மாவட்டங்களின் ஈரப்பதத்தில் பூஞ்சை அதற்கு முன்பே பிடித்துவிடும். போட்டுப் பார்க்கக் கருவியும் இல்லை. ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் வீடியோ டெக் தயாரிப்பை நிறுத்தியபோது உலகில் வேறு யாரும் அதைத் தயாரிக்கவில்லை. 2019இல் யுனெஸ்கோவும் ஒலி, ஒளி ஆவணக் காப்பகங்களின் பன்னாட்டு அமைப்பும் சேர்ந்து காந்த நாடாக்கள் பற்றி எச்சரிக்கை விடுத்தன. 2025 வாக்கில் அவற்றை இயக்கக் கருவிகள் கிடைப்பதே அரிதாகிவிடும் என்றன. அந்த ஆண்டும் கடந்துவிட்டது.

செஞ்சி, திண்டிவனம், விழுப்புரம் போன்ற ஊர்களில் பழைய போட்டோ ஸ்டுடியோக்காரர்களிடம் விசாரித்தால், கேசட்டைக் கணினிக் கோப்பாக மாற்றித் தருபவர் இன்னும் கிடைக்கக்கூடும். வெள்ளைப் பூஞ்சை படிந்த கேசட்டை வீட்டில் மிச்சமிருக்கும் டெக்கில் போட்டுப் பார்க்கக் கூடாது. நாடாவும் போகும், ஹெட்டும் போகும். மாற்றிய பிறகு செய்ய வேண்டிய வேலைதான் பெரிது. அந்தக் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்திருப்பவர், பின்னால் நின்று எட்டிப் பார்ப்பவர், பெஞ்சு மேல் டிவியைத் தூக்கி வைப்பவர் ஆகியோரின் பெயர்கள் வீட்டின் மூத்தவர்களுக்கு மட்டுமே தெரியும். ஊர் கூடும் திருவிழா நாட்களில் அந்தப் படத்தை ஓடவிட்டு, ஒவ்வொரு முகத்திலும் நிறுத்தி, இவர் யார், யார் மகன், இப்போது எங்கே என்று கேட்டுப் பதிவு செய்ய ஒரு கைபேசி போதும். மேல்சித்தாமூர் போல உறவெல்லாம் ஓரிடத்தில் கூடும் ஊர்களில் இதை இரண்டு மூன்று திருவிழாக்களுக்குள் முடித்துவிடலாம். பந்தல் ஓரத்தில் நின்றுகொண்டிருக்கும் பண்ணையாட்களின் பெயர்களையும் அப்போதே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.